பந்தில் உதிராத நெல்

களத்தில் கதிரடித்துக்கொண்டிருந்தேன். கதிர்க்கட்டைத் தலைக்கு மேல் தூக்கிய நேரத்தில், "தாசையன் போயிட்டாரு" என்று வரப்பிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றேன். அந்த அடியைத்தான் அவர் வேண்டாம், வேண்டாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிஷன் அச்சுக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். விருந்தாளியாக வந்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் பேஸ்பால் ஆடிக் காட்டிவிட்டு, ஒரு மட்டையையும் பந்தையும் விட்டுப்போனார். திருவிதாங்கூர் முழுக்கத் தேடினாலும் வேறு யாருக்கும் தெரியாத அந்த ஆட்டத்தை, அறுப்பு முடிந்த கொட்டாரம் வயலில் நாங்கள் ஆடினோம். ஆடினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கதிரடிக்கிற மாதிரியே மட்டை தலைக்கு மேலிருந்து இறங்கும். பந்து காலடியில் புதையும்.

"நெல்லு உதிருமா வே, அந்தப் பந்துல?" என்பார், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் தாசையன். "பந்து சரிஞ்சு வருது. அது வாற வழியிலேயே மட்டை கொஞ்சம் மேல பாத்து எதிரே போணும். மாப்பிள்ளைய எதிர்கொண்டு கூப்பிடப் போறவன் பாதையில நிப்பானா, மரத்துலேருந்து அவன் தலையில குதிப்பானா?"

நெஞ்சுநோய் அவரை மட்டை பிடிக்க விடவில்லை. ஆகவே என் தோளை நம்பினார். ஊரில் வேறு தோளே கிடைக்கவில்லையா என்று இன்றும் யோசிக்கிறேன். இரண்டு தென்னைகளுக்கு நடுவே, பின்னால் இடுப்பளவும் முன்னால் மார்பளவுமாகச் சாய்த்துக் கயிறு கட்டினார். மட்டை கயிற்றை ஒட்டியே ஏறிப்போக வேண்டும். நாலு பிள்ளைக்குத் தகப்பனான நான் மாலைதோறும் கயிற்றைப் போட்டு அடித்தேன்.

"கயிறு ஒமக்கு என்ன பாவம் செஞ்சுது?" என்றாள் என் மனைவி.

தாசையன் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு பந்து வே. வயலோரத்துல நிக்குற அந்தப் பனைக்கு மேல போணும். கண்ணால பாத்துட்டுப் போயிருவேன்."

போன அறுப்பு முடிந்ததும் அவரைக் கட்டிலோடு வயலோரம் தூக்கி வந்தோம். பந்து வந்தது. கயிற்றை நினைத்தேன், மாப்பிள்ளையை நினைத்தேன். கை மட்டும் கதிரை நினைத்தது. பந்து அறுத்த நெல்தாளுக்குள் புதைந்தது.

அவர் வெகுநேரம் பனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி வே, கட்டிலைத் தூக்குங்க" என்றார்.

மட்டை அவர் வீட்டில் இருக்கிறது. கயிறு மாடு கட்டப் போய்விட்டது. என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் திருத்தப் பார்த்துத் திருத்த முடியாமற்போன அந்த அடி ஒன்றுதான். அடக்கம் முடிந்து வந்து, மீதிக் கதிரை அதைக் கொண்டே அடித்தேன்.

நெல் நன்றாக உதிர்ந்தது.