தைவானில் குப்பை வண்டி வரும் நேரம்

தைவானுக்கு முதல்முறை போகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். சான்டா கிளாராவில் சிப் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களை அடிக்கடி அந்தத் தீவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் அங்கே சில வருடம் இருந்தவள். என் கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் மெஷின் பொருத்தும் வேலை. அங்கிருந்து டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்கு வந்தோம், அவர் அங்கே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இப்போது மகனோடு இங்கே சான்டா கிளாராவில் இருக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பு படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தைவானைப் பற்றி என்றால் பேசிவிடுவேன். கேட்க வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதில்லை, குனிந்து போனில் குறித்துக்கொண்டிருப்பார்கள். அது எனக்கு வசதி.

எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். இந்த ஊர் பிளக்கே அங்கேயும் பொருந்தும், அடாப்டர் வாங்க வேண்டாம். இறைச்சி, விதை, பச்சைக் கறிவேப்பிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே பிடித்து அபராதம் போடுவார்கள். குக்கர் எடுத்துப் போங்கள். மெட்ரோ ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கடையில் கொடுக்கும் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள், அதில் உள்ள எண்ணுக்குக் குலுக்கலில் பரிசு விழும். கடை வாசலில் ஸ்வஸ்திக் போட்டிருந்தால் சைவச் சாப்பாடு, தைரியமாக உள்ளே போகலாம், ஆனால் வெங்காயம் பூண்டு இருக்காது. புயல் வருகிறது என்று போனில் செய்தி வந்தால் முதல் நாளே ரொட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.

பக்கத்து அபார்ட்மென்ட் தம்பிக்குத் தைவான் உத்தரவு வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும் அவரே வந்து சொன்னார். பூசையில் முதல் வாசகம் வாசிப்பவர். கணீரென்ற குரல். அந்தக் குரலைச் சுவர் வழியாகவும் எனக்குத் தெரியும்.

இங்கே அபார்ட்மென்ட் சுவரெல்லாம் மரச்சட்டத்தில் அட்டை அடித்ததுதான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பாத்திரம் விழுவதற்கும் ஆள் விழுவதற்கும் சத்தம் வேறு. ஆள் விழுந்தால் முதலில் மெத்தென்று ஒரு சத்தம், அடுத்து தலையோ முழங்கையோ படும் கெட்டியான சத்தம். பிறகு டிவியின் ஒலியைக் கூட்டுவார்கள். என் கணவரும் அப்படித்தான் கூட்டுவார். தம்பியின் மனைவி, அந்தப் பெண், கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளை வெளியே தனியாக நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே மத்தியானம் இருவரும் வந்தார்கள். மகன் ஒரு கல்யாணத்துக்காக ஈஸ்ட் பிரன்ஸ்விக் போயிருந்தான். காபி கொடுத்தேன்.

"ஆன்ட்டி காபிக்காகவே தைவான் போகாம இருந்துடலாம் போல," என்றார் தம்பி. "இவ போடுறது பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும்."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வெயில் நாளில் முழுக்கைச் சட்டை போட்டு, அதன் நுனியை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"வர்ற வெனஸ்டே பிளைட் ஆன்ட்டி. ரெண்டு வருஷம். இவளுக்குப் பக்கத்துல இருக்கிற கடைக்கே வழி தெரியாது, அங்க தொலைஞ்சு போயிட்டா நான் எந்த பாஷையில தேடுறது? அதான் பாஸ்போர்ட், விசா எல்லாம் நானே மேனேஜ் பண்றேன்."

நான் பிளக்கில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். கடைசியாகக் குப்பை வண்டிக்கு வந்தேன்.

அங்கே தெருவில் குப்பைத் தொட்டி கிடையாது. சாயங்காலம் மஞ்சள் லாரி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அவரவர் குப்பையை அவரவர் கையால் கொண்டுபோய் அதில் போட வேண்டும். தெருவே பையும் வாளியுமாகக் கீழே இறங்கி நிற்கும். போன புதிதில் அந்தப் பாட்டைக் கேட்டு ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து, மகனையும் இழுத்துக்கொண்டு கீழே ஓடி, லாரிக்காரரிடம் காசை நீட்டி இரண்டு விரல் காட்டினேன். அவர் என்னையும் காசையும் பார்த்துவிட்டு, இரண்டு குப்பைப் பைகளை எடுத்துக் கொடுத்தார். அங்கே குப்பைக்கென்று தனிப் பை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இதைச் சொன்னபோது இருவருமே சிரித்தார்கள். இந்த முறை அந்தப் பெண் நிஜமாகவே சிரித்தாள்.

மீதியை நான் சொல்லவில்லை. கணவர் என் உதட்டைக் கிழித்த நாளில் குப்பையைப் போட நான்தான் இறங்க வேண்டியிருந்தது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன். கீழ்வீட்டு அம்மாள் அருகில் வந்து துண்டை விலக்கிப் பார்த்தார். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவருடையது தெரியாது. நான் மேலே வரத் தாமதமாகிறது என்று கணவர் இறங்கி வந்து, வரிசையில் வைத்தே என் முடியைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாள் கையிலிருந்த எச்சில் வாளியை வீசி அவர் முகத்தில் அடித்தார். மீன் முள்ளும் சோற்று நீரும் அவர் கழுத்தில் வழிந்தன. வாளியின் விளிம்பு பட்டுப் புருவம் பிளந்தது. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு ஆண்கள் குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு அவர் என் முகத்தில் கை வைக்கவில்லை. தினமும் சாயங்காலம் நான் கீழே நிற்பேன், தெரு என் முகத்தைப் பார்க்கும். புதனும் ஞாயிறும் மட்டும் வண்டி வராது.

"குப்பைய நானே எறக்கிடுறேன் ஆன்ட்டி," என்றார் தம்பி, போனில் குறித்தபடியே. "இவ எதுக்குக் கீழ இறங்கி கண்டவன்கூட நிக்கணும்?"

அந்தப் பெண் டம்ளர்களை எடுத்துக்கொண்டு என்னோடு சமையலறைக்கு வந்தாள். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்த வண்டி டெய்லி வருமா?"

"புதன், ஞாயிறு வராதும்மா."

"அந்த ரெண்டு நாளு என்ன பண்ணுவீங்க?"

நான் அவளிடம் எதையுமே சொல்லியிருக்கவில்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. உறக்கத்தில் நான் கத்துவேன் என்று மகன் சொல்லியிருக்கிறான். அதற்குள் ஹாலிலிருந்து குரல் வந்தது.

"என்ன அங்க மீட்டிங்கா? வா, பேக் பண்ணணும்."

அவர்கள் போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் டம்ளரைத் துடைத்துக்கூட வைக்கவில்லை, அதற்குள் சுவரில் ஏதோ மோதி எங்கள் பக்கத்துக் காலண்டர் ஆடியது.

"வண்டி டெய்லி வருமான்னு எதுக்குடி கேட்ட? எவன்கூட ஏறிப் போகப்போற?"

அவள் சொன்னது கேட்கவில்லை. மெத்தென்ற சத்தம் கேட்டது. பின்னாலேயே கெட்டியான சத்தமும். டிவியில் யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

அதுவரை நான் யார் வீட்டுக் கதவையும் அழைக்காமல் தட்டியதில்லை. தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சாண் அளவுக்குத் திறந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன ஆன்ட்டி? சாரி, பெட்டி விழுந்துடுச்சு."

"அந்தப் பொண்ணைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க தம்பி."

"அவ குளிக்கிறா."

அவர் முழங்கைக்குக் கீழே, கார்ப்பெட்டில், இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது.

"கால் தெரியுது தம்பி," என்றேன்.

கதவைச் சாத்தப் போனார். நான் சட்டத்தில் கையை வைத்தேன். கதவு என் விரல்கள் மேல் மோதியது. முதல் தடவை தெரியாமல் பட்டது என்று நினைத்தேன். இரண்டாவது தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாத்தினார். விரலுக்குள் அப்பளம் நொறுங்குவதுபோலக் கேட்டது. வலி கொஞ்சம் தாமதித்து வந்தது.

அவருக்குப் பின்னால் அந்தப் பெண் எழுந்து நின்றாள். பெட்டிக்குப் பக்கத்தில் நான் எடுத்துப் போகச் சொன்ன குக்கர் இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி அவர் பின்மண்டையில் போட்டாள். அவர் விழவில்லை. கதவை விட்டுவிட்டுத் திரும்பி, குக்கரை அவள் கையிலிருந்து சாவகாசமாக வாங்குவதுபோல வாங்கி, அதன் பிடியைப் பற்றி அவள் காதோடு சேர்த்து அடித்தார். அவள் பெட்டிக்குள்ளேயே விழுந்தாள், மடித்து வைத்திருந்த துணிகள்மேல். மறுபடி ஓங்கினார்.

நான் உள்ளே பாய்ந்து அவரைக் கடித்தேன். எங்கே கடிக்கிறேன் என்று பார்க்கவில்லை. சட்டைத் துணியும் அதற்குள்ளிருந்த சதையும் பல்லுக்கு நடுவில் வந்தன. அவர் கத்திக்கொண்டே என்னை உதறியதில் பிரிட்ஜில் போய் மோதினேன். அதற்குள் அவள் தவழ்ந்து வாசலைத் தாண்டியிருந்தாள். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து என் வீட்டுக்குள் போட்டு, தாழ்ப்பாள் போட்டு, நல்ல கையால் நைன் ஒன் ஒன் அழுத்தினேன். அவர் என் கதவைக் குக்கரால் அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அடிக்கும் கதவுச் சட்டத்திலிருந்து வண்ணம் உதிர்ந்தது. தூரத்தில் சைரன் கேட்டதும் அடி நின்றது.

போலீஸ் வந்தபோது தம்பி தலையில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு வராந்தாவில் நின்றார். சட்டைக் கையைச் சுருட்டி நான் கடித்த இடத்தைக் காட்டினார். பூசையில் வாசிக்கும் அதே குரலில், நிறுத்தி நிதானமாக, அழகான இங்கிலீஷில் பேசினார். மனைவிக்கு மனநிலை சரியில்லை என்றார். குக்கரால் தன் தலையில் அடித்தாள் என்றார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கடித்தார் என்றார். நடந்ததை இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணிடம் ஒரு போலீஸ்காரர் கேட்டார். அவள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள் போல. "எஸ், ஐ ஹிட் ஹிம்," என்றாள். அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. ஒரு காதில் அவளுக்கு எதுவும் கேட்கவும் இல்லை. இன்னொரு போலீஸ்காரர் இடுப்பிலிருந்த விலங்கின்மேல் கையை வைத்து, அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவளைக் கொண்டுபோய்விட்டால், நாளைக்குக் கணவர்தான் போய் வெளியே எடுப்பார். புதன்கிழமை விமானத்தில் ஏற்றுவார்.

என்னிடம் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொடுத்தார்கள். எந்த ஊரிலிருந்து பேசினாரோ, தமிழ்தான், ஆனால் நம் பக்கத்துப் பேச்சு இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார்.

"அவங்க அடிச்சாங்க," என்றேன். "சுவத்துல மோதுற மாதிரி அடிச்சாங்க. நான் போய்க் கதவைத் தட்டினேன்."

மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொன்னதில் 'தே' என்ற சொல் என் காதில் விழுந்தது. அவர்கள் அடித்துக்கொண்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். விலங்கில் கை வைத்திருந்தவர் தலையை ஆட்டி, அந்தப் பெண் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டுக்காரரை 'அவங்க' என்றுதான் சொல்வோம். அடுத்த வீட்டு ஆணையும் அப்படித்தான். என் கணவர் என் உதட்டைக் கிழித்தபோதுகூட, 'அவங்க அடிச்சிட்டாங்க' என்றுதான் ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். எனக்கு அது மரியாதை. கேட்டவருக்கு அது இரண்டு பேர்.

"அவங்க இல்லீங்க," என்றேன் போனில். "ஒருத்தன். அவன் அடிச்சான்."

"யாரு, ஆம்பிளையா? தெளிவாச் சொல்லுங்கோ அம்மா."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். "ஆன்ட்டி, நீங்க எனக்கு அம்மா மாதிரி," என்றான் தமிழில். "யோசிச்சுப் பேசுங்க. நாளப்பின்ன சர்ச்சுல முகத்துல முழிக்கணும்."

"இவன்தான்," என்றேன். விரல் நீட்ட நினைத்து, நொறுங்கிய கையையே நீட்டிவிட்டேன். "இவன் அவளை அடிச்சான். அவ கீழ கிடந்தா, நான் பார்த்தேன். என் கையைக் கதவுல வச்சு நசுக்கினான். அதுக்கு அப்புறம்தான் அவ குக்கரால ஒரு அடி அடிச்சா. அதைப் பிடுங்கி அவ காதுல அடிச்சான். மறுபடியும் அடிக்கப் போனான், நான் கடிச்சேன். அடிச்சான், அடிச்சான், எத்தனை மாசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் அடிச்சான்."

மொழிபெயர்ப்பாளர் இந்த முறை 'ஹீ' என்றார். ஒவ்வொரு தடவையும் 'ஹீ' என்றார். போலீஸ்காரர் அந்தப் பெண்ணின் சட்டைக் கையை உயர்த்தலாமா என்று கேட்டுவிட்டு உயர்த்திப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து மேலே பச்சையும் மஞ்சளும் கருப்பும், ஒன்றின்மேல் ஒன்று. பழையதும் புதியதும் யாருக்கும் தெரியும். அவனைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்கள். விலங்கு மாட்டும்போதும் இங்கிலீஷில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான்.

வீட்டிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமா என்று அவளைக் கேட்டார்கள். லேப்டாப் பையில் பாஸ்போர்ட் இருக்கிறது என்றாள். ஒருவர் போய் எடுத்து வந்து, முதல் பக்கத்தைத் திறந்து முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் வீங்கியிருந்ததால் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு அவள் கையிலேயே கொடுத்தார்.

ஆம்புலன்ஸில் என்னையும் அவளோடு உட்கார வைத்தார்கள். அவளுக்குக் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. கேட்கும் காது பக்கமாக நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆன்ட்டி, நிஜமாவே கடிச்சீங்களா?"

"கடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"சென்ட் வாசனையா இருந்துச்சு. இன்னும் வாய்ல நிக்குது."

சிரிக்கப் போய் வலித்து, கட்டைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் அசையாதே என்றாள். கொஞ்ச தூரம் போனபின், அந்தப் பெண் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"வெனஸ்டே அவன் போவானா?"

"அவன் போனா என்ன, போகாட்டி என்ன? நீ போறியா?"

"இல்ல ஆன்ட்டி. நான் போகல."