நான் பண்ண கிராபிக்ஸ்

எங்க மாமா ரெண்டு தியேட்டருக்கு நடுவுல ஓடிகினே இருந்த ஆளு. படம் ஒண்ணு, பிரிண்ட்டும் ஒண்ணு. ராயபுரத்துல ஒரு ரீலு ஓடி முடிஞ்சா, அத்த தகர டப்பால போட்டுகினு டிவிஎஸ் பிஃப்டில திருவொற்றியூருக்குப் பறக்கணும். அங்க முன்ன குடுத்த ரீலு முடியறதுக்குள்ள போய்ச் சேரலன்னா ஜனம் சீட்ட கிழிச்சி பஞ்ச பறக்க வுட்டுடும்.

பத்தாவது ரெண்டு தபா பெயிலானவருக்கு இந்த வேல கெடச்சதுல எங்கம்மாவுக்குத்தான் உசுரு வந்துச்சு. இது இல்லாங்காட்டி கண்டெய்னர் யார்டுதான். எங்கப்பா அந்த யார்டுல ஒரு கால குடுத்துட்டு வூட்ல குந்திகினு இருந்தாரு. "என் தம்பி அந்த கேட்டுக்குள்ள போனான்னா என்ன நீங்க உசுரோட பாக்க முடியாது"ன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்துச்சு.

எனக்கு அப்போ ஒம்போது வயசு. லீவு நாள்ல பின் சீட்ல குந்திகினு டப்பாவ கட்டிப் புடிக்கறது என் வேல. அந்த வாரம் வந்தது ஒரு டப்பிங் படம். நட்சத்திரத்துலேர்ந்து உழுந்த கண்ணாடி நட்டுவாக்காலி ஒண்ணு ஊர்ல கீற கட்டடத்தயெல்லாம் ஏறி மெறிச்சிகினு வந்து, நடுவுல ஒரு ரயிலயே முழுங்கும். "முழுக்க முழுக்க கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்"னு போஸ்டர்ல நட்டுவாக்காலிய விட எழுத்து பெருசா இருந்துச்சு. அந்த ரயில் சீனு நாலாவது ரீலு. அன்னிக்கு என் மடில இருந்ததும் அதான்.

எக்ஸ்பிரஸ் ரோட்ல கண்டெய்னர் லாரிங்க வாலு தல தெரியாம நின்னுகினு இருந்துச்சு. மாமா ஹாரன அமுக்கறாரு, வாட்ச பாக்கறாரு, லாரிக்காரன அசிங்கமா திட்டறாரு. எனக்கு கையி சும்மா இருக்குமா? மூடிய தொறந்து பிலிம கொஞ்சம் இழுத்து வெயில்ல காட்டிப் பாத்தேன். கட்டத்துக்கு கட்டம் அதே நட்டுவாக்காலி. அதே எடம். ஒரு நூலு கூட நவுரல. கம்ப்யூட்டர்காரன் நம்மள நல்லா ஏமாத்திட்டான்னு ஆயிடுச்சு. எங்கதான் நவுருதுன்னு பாத்துடலாம்னு இன்னும் இழுத்தேன், இன்னும் இழுத்தேன்.

திடீர்னு ரெண்டு லாரிக்கு நடுவுல சந்து கெடச்சுது. மாமா முறுக்கிட்டாரு. பின்னால ஒருத்தன் கத்தறான்: "யோவ், வாலு தொங்குது யா!"

திரும்பிப் பாத்தா ரோட்ல நூறு அடிக்கு பிலிம் படுத்துகினு கீது. அது மேல லாரி டயரு ஏறிகினு போவுது.

திருவொற்றியூர் தியேட்டர்ல ஆப்பரேட்டரு கசங்குனத பிளேடால அறுத்துட்டு மிச்சத்த ஒட்டுனாரு. மாமா மேனேஜர்கிட்ட போயி, "ராயபுரத்துலயே அறுத்து வுட்டுட்டானுங்க சார்"னு ஒரு புளுகு வுட்டாரு. அப்பால என்ன கக்கூஸ் பக்கம் தள்ளிகினு போயி, "மாப்ள, வாயத் தொறந்த, அவ்ளோதான். நான் யார்டுக்குத்தான் போவணும்"னாரு. நான் சாமி மேல சத்தியம் பண்ணேன்.

அப்பால படம் ஓடுது. நட்டுவாக்காலி ரயிலுக்கு முன்னால வந்து வாயத் தொறக்குது. அடுத்த செகண்டு ரயிலும் இல்ல, தண்டவாளமும் இல்ல. நட்டுவாக்காலி வேற எங்கயோ தூங்குது. தியேட்டரே கம்முனு ஆயிடுச்சு. போச்சுடான்னு நான் கண்ண மூடிகினேன். பாத்தா ஒரே விசிலு! "எப்டி மறஞ்சுது பாத்தியா மாமு? இதாண்டா கம்ப்யூட்டரு!"

மூணு நாளு அந்த எடத்துக்கு கைதட்டு. மூணு நாளும் எனக்கு சோறு எறங்கல, நாக்கு நமநமன்னுது. ஞாயித்துக்கெழம டிக்கெட் கவுண்டருகிட்ட ஒருத்தன், "ரயிலு மறையறதுக்கு மட்டும் ஃபாரின்ல நூறு பேரு வேல செஞ்சாங்களாம்"னு அளந்தான்.

"போடா டுபாக்கூரு, அது நான் பண்ண கிராபிக்ஸு"ன்னேன். யாரும் நம்பல. சரின்னு டிவிஎஸ்ல குந்துனது, டப்பாவ தொறந்தது, லாரி ஏறுனது எல்லாத்தயும் ஆக்ஷனோட நடிச்சிக் காட்டுனேன். கூட்டமே சிரிக்குது. எனக்குப் பின்னால மேனேஜரும் பிரிண்ட்டு குடுத்த படக் கம்பெனி ஆளும் நிக்கறாங்க. அவங்க ரெண்டு பேரு மட்டும் சிரிக்கல.

மாமா என்ன அடிக்கவே இல்ல. டிவிஎஸ் சாவிய மேனேஜர் டேபிள்ல வெச்சிட்டு, என் கையப் புடிச்சிகினு வூடு வரைக்கும் நடந்தே வந்தாரு. ஆஹா, தப்பிச்சிட்டோம்டான்னு நெனச்சேன்.

அடுத்த வாரம் சாயந்தரமா மாமா ஒரு மஞ்ச ஹெல்மெட்டோட வந்தாரு. எனக்கு செம குஷி. அந்த படத்துல ராக்கெட்டு ஓட்டற ஒருத்தன் போட்டுகினு வருவான், அச்சு அசல் அதே மாரி. மாமாவுக்கு பிரமோஷன்னு தெரு பூரா சொல்லிட்டு, அத்த தலைல மாட்டிகினு, தொடப்பக் கட்டய துப்பாக்கியா புடிச்சிகினு சந்து சந்தா சுட்டேன்.

அம்மா ஓடி வந்து ஹெல்மெட்ட புடுங்கி முதுவுல ஒண்ணு வெச்சுது. அப்பால அத்த மடில போட்டுகினு வாசப்படியிலயே குந்தி அழ ஆரம்பிச்சுது. மாமா மூஞ்ச கழுவிகினே இருந்தாரு.

ஹெல்மெட்டு கெட்டுப் போச்சுன்னுதான் அழுவுதுன்னு நான் நெனச்சேன். "ஒரு கீறலு கூட உழலம்மா, நல்லா பாரு"ன்னு திருப்பித் திருப்பிக் காட்டிகினு இருந்தேன்.