மை தீர்வதற்குள்

பிரிண்டர் வாங்க வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன். என்ன அடிக்கப் போகிறீர்கள், மாதத்துக்கு எத்தனை தாள், கலர் வேண்டுமா வேண்டாமா. இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் எந்த மெஷின் என்று ஒரே நிமிடத்தில் காட்டிவிடுவேன். ஆனால் வருகிறவர்கள் "எது விலை கம்மி?" என்றுதான் வாயைத் திறப்பார்கள். விலை கம்மியான மெஷினுக்கு மை யானை விலை என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாலும் மண்டையில் ஏறாது. வாங்கிக்கொண்டு போய், இரண்டாம் மாதமே வந்து என் சட்டையைப் பிடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். "உங்களைக் கல்லாவுல உட்கார வச்சதுதான் இந்தக் கடைக்குப் பிடிச்ச சனி" என்பாள் என் வீட்டுக்காரி.

லிஃப்ட்காரரிடமும் அப்படித்தான் வாய் விட்டேன்.

மனிதர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒல்லியான உடம்பு. விரல் ரேகைக்குள் கிரீஸ் ஏறிப்போய், எத்தனை தேய்த்தாலும் போகாத கை. கடைக்குள் வந்ததும் என் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"அது ஓடிப்போயிடாது சார், வாங்க" என்றேன். "லிஃப்ட்டுக் கதவுன்னு நினைச்சுட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார். மாதத்துக்கு இருநூறு, முந்நூறு தாள் ஆகுமாம். கலர்தான் வேண்டுமாம். மஞ்சள் சட்டை தெரிய வேண்டுமாம்.

எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று கேள்விக்கும் மணிமணியாகப் பதில் சொல்கிற ஆள் எனக்கு எப்போது கிடைத்தார்? உடனே டேங்க் மெஷினைக் காட்டினேன். மெஷின் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பாட்டில் மையை வாங்கி ஊற்றிக்கொண்டே இருக்கலாம், ஒரு தடவை ரொப்பினால் ஆயிரக்கணக்கான தாள் வரும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த சின்ன கேட்ரிட்ஜ் மெஷினைக் காட்டி, "அதையே குடுங்க" என்றார்.

"சார், உங்க லிஃப்ட்டுக்குக் கிரீஸைச் சின்ன டப்பாவுலயா வாங்குறீங்க?"

"இல்ல. டிரம்முல."

"அப்ப மைக்கு மட்டும் ஏன் சார் காசைக் கரியாக்குறீங்க? இந்தக் கேட்ரிட்ஜுல மை இருக்குறது ஒரு டம்ளர் அடியில ஒட்டற அளவு. நீங்க அடிக்கிற அடிக்கு மாசம் ரெண்டு தடவை இங்க வந்து நிக்கணும்."

"வந்து நிக்கிறேன்."

தலையில் அடித்துக்கொண்டு மெஷினை எடுத்து வைத்தேன். ஓடுகிறதா பார்த்துவிடலாம் என்று, அவர் போனிலிருந்த நோட்டீஸையே அடித்தேன். சின்ன மெஷின் மெதுவாகத்தான் தள்ளும். முதலில் 'காணவில்லை' என்ற எழுத்து வந்தது. பிறகு ஒரு வழுக்கைத் தலை. நெற்றி. பிறகு இரண்டு கண்கள் வந்து, என்னைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றன. மெஷின் மூச்சு வாங்கிவிட்டு மூக்கையும் வாயையும் தள்ளியது. கடைசியாக மஞ்சள் சட்டை. அந்தச் சட்டையின் தோளில், படத்தில் இல்லாத யாரோ ஒருவரின் நான்கு விரல்கள்.

"எங்கப்பா" என்றார் லிஃப்ட்காரர்.

இத்தனை நேரம் ஆடிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அப்புறம் கேட்ரிட்ஜ் வாங்க வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அப்பாவுக்கு மறதி நோய். பெற்ற மகனையே ஒரு நாளைக்கு மகன் என்பார், ஒரு நாளைக்குத் தபால்காரர் என்பார். அடிக்கடி வெளியே போய்விடுகிறார் என்று கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி புருஷனிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. அன்றைக்குக் காலையில் அவர் மனைவி குப்பை போட்டுவிட்டு வந்து, மாடிக்குத் துணி காயப் போடப் போயிருக்கிறார். இறங்கி வந்தால் மாமனாரைக் காணோம்.

"ஆனா கேட் சாத்தியிருந்துச்சு சார். பூட்டு மட்டும் சும்மா தொங்குது. அப்பாவுக்குத் திறந்து கிடக்கற கதவைப் பார்த்தாலே ஆகாது. எல்லாத்தையும் மறந்தவரு, வெளியே போனதும் கேட்டைச் சாத்திட்டுப் போகணும்கறதை மட்டும் மறக்கல. கேட் சாத்தித்தானே இருக்குன்னு என் வீட்டுக்காரி உள்ளேயே தேடியிருக்கா. கட்டிலுக்கு அடியில, பாத்ரூம்ல, தண்ணித் தொட்டியில. அதுக்குள்ள அவரு எவ்வளவு தூரம் போனாரோ."

"பூட்டாம விட்டது…"

அவர் தரையைப் பார்த்தார். "குப்பை போட்டுட்டு வந்து பூட்டினேனான்னு ஞாபகம் இல்லைங்கறா. அதுக்காக நான் ஒரு வார்த்தை திட்டினதில்ல சார்."

தங்கமான மனுஷன் என்று அன்றைக்கு என் வீட்டுக்காரியிடம் போய்ச் சொன்னேன். நீங்களா இருந்தா ஊரையே கூட்டியிருப்பீங்க என்றாள். உண்மைதான்.

மையைப் பற்றியும் ஒரு நாள் கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலில் நான் ஆடிப்போய்விட்டேன். "வீட்டுல சொல்றா சார், இந்த மை தீர்றதுக்குள்ள மாமா வந்துடுவாருன்னு. டேங்க்ல ரொப்பி வச்சா, வருஷக்கணக்கா வரமாட்டாருன்னு நாமளே முடிவு கட்டின மாதிரி ஆயிடாதா?" அதற்குப் பிறகு நான் டேங்க் பேச்சையே எடுக்கவில்லை. காலியான கேட்ரிட்ஜில் ஊசி போட்டு மை ஏற்றித் தருகிறேன், செலவு பாதியாகும் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். "மை தீர்ந்தா, தீர்ந்துச்சுன்னு இருக்கணும் சார்."

அவர் ஒட்டாத சுவர் இல்லை. என் கடை வாசல் தூணிலும் ஒன்று ஒட்டினார். வெயில் நேராக விழுகிற தூண். அந்த மலிவு மெஷினின் சாயத்தில் முதலில் மஞ்சள் போனது, அடுத்து சிவப்பு போனது, நீலம்தான் கடைசிவரை நின்றது. தெருவெங்கும் அந்தப் பெரியவர் நீலமாக நின்றார். 'மஞ்சள் சட்டை அணிந்திருந்தார்' என்று கீழே எழுத்து மட்டும் கறுப்பாக அப்படியே இருக்கும். மேலே சட்டையும் நீலம், உதடும் நீலம். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு வரக்கூடாத நிறம் அது. காலையில் கடையைத் திறக்கும்போது முதல் முகமே அதுதான். கிழித்துப் போடலாமா என்று எத்தனையோ தடவை கை போயிருக்கிறது. பேய் பிசாசையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் கை வரவில்லை.

ஒரு தடவை பல் டாக்டரைப் பார்க்க ஒரு பெரிய கட்டடத்துக்குப் போனேன். லிஃப்டில் ஏறித் திரும்பினால், உள்ளே அவர். வெயில் படாத இடமல்லவா, நேற்று எடுத்த படம் போலப் பளிச்சென்று நிற்கிறார். மஞ்சள் சட்டை மஞ்சளாக. தோளில் நான்கு விரல். அதில் ஒன்றில் சிவப்புக்கல் மோதிரம். கதவு மூடிக்கொண்டது. அவரும் நானும் மட்டும்தான். நான் தபால்காரனா என்று கேட்கப்போகிறார் என்று தோன்றியது. ஐந்தாவது மாடிக்குப் போக வேண்டியவன் இரண்டாவதிலேயே இறங்கி, வலிக்கிற பல்லைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

லிஃப்ட்காரர் வீட்டில் என்ன நிலைமை என்று நினைத்தாலே பகீரென்று இருக்கும். இப்போது அவர்கள் கேட்டைப் பூட்டுவதே இல்லையாம். பூட்டியிருந்தால் வந்தவர் திரும்பிப் போய்விடுவாராம். காற்றுக்குக் கேட் ஆடினால் போதும், அவர் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாராம்.

இப்படியே ஐந்து வருடம் ஓடியது. அப்புறம் கம்பெனிக்காரன் அந்தக் கேட்ரிட்ஜையே நிறுத்திவிட்டான். என்னிடம் இருந்த கடைசிப் பெட்டியை அவருக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன், இனிமேல் கிடையாது என்று. பேயறைந்தவர் போல அதை வாங்கிக்கொண்டு போனார்.

அது தீர்ந்த பிறகு வந்தார். இந்தத் தடவை மனைவியோடு. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்தது அன்றுதான். கல்லாக் கண்ணாடி மேல் கையை வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்புக்கல் மோதிரம். ஐந்து வருடமாக என் வாசலில் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள்.

பாவம், நொந்துபோன பெண், பக்குவமாகப் பேசுவோம் என்று நினைத்தேன். என் வாய்க்குப் பக்குவம் எங்கே வரும்?

"மனசைத் தேத்திக்கங்கம்மா. டேங்க் மெஷின் வாங்கினா மாமா வரவே மாட்டாருன்னு அர்த்தம் இல்ல. சாமி விட்ட வழின்னு வாங்கிக்கங்க."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு அப்படிச் சொன்னது?"

"நீங்கதான்… இந்த மை தீர்றதுக்குள்ள வந்துடுவாருன்னு… சின்னதே போதும்னு…"

"நானா? முதல் நாள்லேருந்து டேங்க் வாங்குங்க, டேங்க் வாங்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். என் சம்பளத்துல பாதி இந்த மைக்கே போகுது. உங்க கடையில டேங்க் வர்றதே இல்லைன்னு சொன்னாரு."

என் கடையில் வரிசையாக டேங்க் மெஷின்கள் உட்கார்ந்திருந்தன. மூவருமே அவற்றைப் பார்த்தோம்.

"என்னங்க?" என்றார் அவர் புருஷனிடம்.

லிஃப்ட்காரர் மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு நீ பூட்டியிருந்தே."

"எதை?"

"கேட்டை. நான் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். பூட்டு பூட்டித்தான் இருந்துச்சு. என் சாவியைப் போட்டுத் திறந்தேன். நீ மாடியில இருந்தே. அப்பா நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. யாருன்னு கேட்டாரு. தபால்காரன்னு சொல்லிட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு ஓடினேன். வெளியே கம்பெனி வண்டிக்காரன் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருந்தான். பூட்டினேனான்னு…" கிரீஸ் ஏறிய விரல்களை மடக்கிக்கொண்டார். "பூட்டல. நான் பூட்டல."

அந்த அம்மா மெஷின்களிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"ஒவ்வொரு கேட்ரிட்ஜ் வாங்கும்போதும் இது தீர்ந்ததும் உங்கிட்ட சொல்லிடணும்னுதான் வாங்குவேன். தீர்றதுக்குள்ள அப்பா வந்துட்டா, சொல்லவே வேண்டாமேன்னும் நினைப்பேன். தீர்ந்துடும். சொல்ல வராது. ஓடி வந்து இன்னொண்ணு வாங்கிடுவேன். டேங்க்ல ஊத்தி வச்சா அது தீரவே தீராது. அப்புறம் நான் சொல்லவே மாட்டேன்னு பயமா இருந்துச்சு."

வந்த நாளிலிருந்து என் கதவை இரண்டிரண்டு தடவை இழுத்துப் பார்த்தது தொழில் பழக்கம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அதைக் கிண்டல் வேறு செய்திருக்கிறேன்.

அந்த அம்மா கண்ணாடி மேலிருந்த தன் கையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு நோட்டீஸ் வரும்போதும் இந்த விரல் வரும்" என்றார். அவரிடம் கோபம்கூட இல்லை; அதுதான் கேட்கவே முடியவில்லை. "இதுதான் பூட்டாம விட்ட கை, இது அழுகிப் போகணும்னு சொல்லுவேன். ஒரு நோட்டீஸுக்கு ஒரு தடவை. நீங்க பக்கத்துலதான் நின்னு பேப்பர் எடுத்து அடுக்குவீங்க."

லிஃப்ட்காரர் மனைவியின் தோளைத் தொடப் போனார். அவர் நகர்ந்துகொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பி, "டேங்க் எத்தனை நாள் வரும்?" என்று கேட்டார்.

"வருஷக்கணக்கா வரும்மா. ஆனா சும்மா வச்சா மை காஞ்சு அடைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு பேப்பராவது அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"அடிக்கலாம். மாமா கிடைக்கலையே இன்னும்." பணத்தை எண்ணி வைத்தார். "இனிமே இவரே, அவங்கப்பா படத்தை நிமிர்ந்து பார்த்துக்கிட்டே அடிக்கட்டும். பேப்பரை நான் அடுக்கறேன்."

சொல்லிவிட்டு யாருக்கும் காத்திராமல் படியிறங்கித் தெருவில் நடந்தார். லிஃப்ட்காரர் மெஷின் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி, பின்னாலேயே ஓடினார். கை இரண்டும் நிறைந்திருந்ததால் சாத்த முடியவில்லை. கதவு திறந்தே கிடந்தது. வாசல் தூணிலிருந்து நீல முகம் நேராக உள்ளே பார்த்தது.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு, ஒரு தடவை இழுத்தும் பார்த்தேன்.