அம்மா மாடி ஏறிக் காட்டிய நாள்

ஒரே வாரத்தில் இரண்டு விமானக் கம்பெனிகள் என்னை வேலைக்குக் கூப்பிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பைலட் பயிற்சி முடித்து ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு ஒன்று வந்தாலே பெரிது. இரண்டு வந்தால் திமிர் வராமல் என்ன செய்யும்? தர்மபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிதங்களையும் விரித்துப் போட்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்றில் பெரிய ஜெட், வெளிநாடு. இன்னொன்றில் பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும் குட்டி விமானம். பெரியதுதான் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். தொப்பூர் கணவாயில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய அப்பா விடவில்லை.

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரு என்ன தர்றாங்கன்னு படி கண்ணு."

பெரிய கம்பெனி எனக்கும் கணவருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் தரும். இல்லாத என் புருஷனுக்குப் பல் கட்டும் செலவுகூட அதில் இருந்தது. நானும் அப்பாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். குட்டி கம்பெனியில் பல் கிடையாது. ஆனால் பெற்றோருக்கு உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. அதைப் படித்ததும் அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முழங்காலைப் பார்த்தார்.

ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"எனக்கென்ன கேடு? வலியெல்லாம் போயிடுச்சு. பெரிய பிளைட்டையே ஓட்டு" என்றாள் அம்மா. மாடியில் காயும் புளியைக் கிளறிவிட்டு வருவதாகச் சொல்லி, கைப்பிடியைத் தொடாமல் விறுவிறுவென்று படியேறினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய கம்பெனிக்குச் சம்மதம் எழுதப் போனை எடுத்துவிட்டேன்.

அது எனக்குப் பழகிய நடை என்பது அப்போது உறைக்கவில்லை. பைலட்டுகளுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. தேறாவிட்டால் பறக்க முடியாது. போன தடவை சுளுக்கிய காலோடு நானும் இப்படித்தான் வலியை மறைத்து டாக்டர் முன்னால் நடந்து காட்டினேன்.

சம்மதத்தைத் திருத்தித் திருத்தி எழுதுவதிலேயே அரை மணி நேரம் போனது. "ஏறினவ எறங்கலியே" என்றார் அப்பா.

போய்ப் பார்த்தேன். புளியைக் கிளறி முடித்துவிட்டு, அம்மா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏறிட்டேன் கண்ணு. எறங்கத்தான் முடியல" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது.

என் தோளை லேசாகப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே அப்பா, லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் செய்வதுபோல, "வரலாம், வரலாம்" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாதியில் நின்று அம்மா கேட்டாள். "கம்பெனிக்கு எழுதிட்டியா?"

"இன்னும் இல்லீங்கம்மா. குட்டி பிளைட்டுக்குத்தான் எழுதப் போறேன்."

அம்மா இன்னொரு படி இறங்கினாள். பிறகு, "அப்ப மாப்பிள்ளை பல்லுக்கு என்ன பண்றது?" என்றாள்.

"நல்ல பல்லு இருக்கறவராப் பாத்துக் கட்டிக்கிறேங்கம்மா."

மிச்சப் படிகளில் அம்மா தன் முழு எடையையும் என் தோளில் போட்டு இறங்கினாள்.