திருப்பிக் கொடுக்க முடியாத சேலை

சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் சங்கு ஊதுகிறார்கள். கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் நான் குடியிருக்கும் வீட்டில் முதலில், பிறகு எதிர்வீட்டில், பிறகு எங்கோ மூன்றாவது மாடியில். ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்குச் சங்கு என்றால் என்ன நினைவு வருமோ, அதுதான் எனக்கும் வந்தது. வந்த முதல் நாள் அறையிலிருந்து ஓடிவந்து, வீட்டுக்காரம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் யார் வீட்டில் துக்கம் என்று கேட்டேன். மாசிமா என்று எல்லோரும் அழைக்கும் அந்த அம்மாள் கையில் சங்குடன் திகைத்து நின்றார். "துக்கமா? விளக்கு ஏற்றினேன், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு சில வாரங்கள், நான் வீட்டில் இருந்தால் ஊதுவதற்கு முன் என் அறைப் பக்கம் பார்த்து, "பயப்படாதே, யாரும் சாகவில்லை" என்று குரல் கொடுப்பார். இப்போது அந்தச் சத்தம் என் காதில் விழுவதேயில்லை. ஊதாத நாளில்தான் மாசிமாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றுகிறது.

திடுக்கிடல் நம்மை விட்டுப் போகும் நாள் நமக்குத் தெரிவதில்லை. வெளியூரில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் ஆபத்து. இந்தச் சேலை விஷயத்தில் எனக்கு நேர்ந்ததும் அதுவே.

நான் விருதுநகர்க்காரி. அப்பா பருப்பு மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே முதலில் போனது நான்தான். பட்டம் வாங்கி, மத்திய அரசுப் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் கணக்கு அலுவலகத்தில் வேலை என்று உத்தரவு வந்தபோது என் தம்பி அதைத் தெருவெல்லாம் காட்டினான். அத்தை மட்டும், "பொட்டப் பிள்ளைக்கு அம்புட்டுத் தூரத்துல உத்தியோகமா, வேற ஊரே கெடைக்கலையாக்கும்" என்றார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் நல்லது கெட்டதை முடிவு செய்வது அவர்தான்.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தோம். பிழைத்தாரே தவிர, பழைய ஆள் இல்லை. மார்பு பிடிப்பது போலிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவைத் தேடுவார். அம்மா கண்ணில் பட்ட பிறகே மூச்சு விடுவார். அப்பா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஜோசியர் ஒருவர் அவருக்கு அறுபது முடிகிறது என்று சொல்லிவிட்டார். அறுபதாம் கல்யாணம் செய்தால் ஆயுள் கெட்டிப்படும் என்றார் அத்தை. ஆவணியில் நாள் குறித்தார்கள். மண்டபம் தம்பி பொறுப்பு, சாப்பாடு அத்தை பொறுப்பு, மறுபடி தாலி கட்டிக்கொள்ளும் அம்மாவுக்கு முகூர்த்தச் சேலை என் பொறுப்பு.

சாதாரணச் சேலை வாங்க எனக்கு மனமில்லை. கரியாஹாட்டில் கூட்டமும் நடைபாதைக் கடைகளும் முடிகிற இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பட்டுக்கடை ஒன்று உண்டு. காவலாளி சலாம் போட்டுக் கதவைத் திறப்பார். உள்ளே குளிர் அடிக்கும். கோட்டுப் போட்டவர்கள் தம் மனைவிகளுக்காக நாற்காலியில் காத்திருப்பார்கள். நான் அந்தக் கதவை எத்தனையோ முறை கடந்து பேருந்து பிடித்திருக்கிறேன். நிலுவைச் சம்பளம் கைக்கு வந்த அன்று உள்ளே போனேன். விற்பனையாளர் யாருக்கு என்றார். அம்மாவுக்கு என்றேன். என்ன விசேஷம் என்றார். கல்யாணம் மாதிரி ஒரு பூஜை என்றேன். அவர் யோசிக்கவேயில்லை. அட்டைப் பெட்டியைத் திறந்து கொரோத் பட்டு ஒன்றை விரித்தார். சாயமேறாத பட்டு, பால் நிறம். ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேலென்ற கரை.

துர்க்கை பூஜையின் அஷ்டமி காலையில் மாசிமா அதைத்தான் கட்டுவார். வகிட்டில் குங்குமம் அப்பி, கையில் வெண்சங்கு வளையலும் செம்பவள வளையலுமாகத் தெருவின் சுமங்கலிகள் எல்லோரும் அதே வெள்ளையில் வரிசையாகப் பந்தலுக்குப் போவார்கள். முதல் வருடம் அந்த வரிசையைக் கண்டு, சுமங்கலிகள் வெள்ளையிலா என்று திடுக்கிட்டேன். நான்காவது வருடம் அம்மாவும் ஒருநாள் இப்படி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடையில் என் கண்ணில் நின்றதும் அந்தச் சிவப்புக் கரைதான். அலுவலகத்தில் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் இருக்கிறார், மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருப்பவர். காட்டியிருந்தால், இது ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். "உங்க அம்மாவுக்கு இவ்ளோ உசத்தியாவா?" என்று கேட்டுவிடுவாரோ என்று காட்டவில்லை. ரவிக்கை தைக்க நாளாகும் என்று மறுநாளே கூரியரில் அனுப்பினேன்.

வீட்டில் அப்போது போன் இல்லை. எதிர்க் கடைக்குப் பேசினால் கூப்பிட்டுத் தருவார்கள். சேலை போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பேசினேன். அம்மா வந்தார். "வந்துருச்சு தாயி" என்றார். "எப்படிம்மா இருக்கு?" என்றேன். "கைல வச்சா வழுக்கிக்கிட்டுப் போகுது. ரொம்ப வெலையா?" என்றார். நான் விலை சொல்வதற்குள் ரிசீவர் கை மாறியது.

"அக்கா, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" தம்பியின் குரல். "அப்பா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, நீ அம்மாவுக்கு வெள்ளச்சீல அனுப்புற."

"வெள்ளை இல்லடா, செவப்புக் கரை போட்டிருக்கே…"

"கரை இருந்தா ஆச்சா? பெட்டியப் பிரிச்சப்போ அப்பா பாத்துட்டாரு. பாத்ததுலருந்து மூஞ்சி செத்துப் போச்சு. சோறு எறங்கல. அத்த கேக்குது, படிச்சவ அப்பாவுக்கு என்னைக்கு நாள் குறிச்சிருக்கான்னு. என்ன சொல்லச் சொல்ற?"

நான் நின்ற டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கதவை வெளியே ஒருவர் தட்டினார். இந்த ஊரில் இதுதான் மங்கலச் சேலை, துர்க்கைக்கே இதைத்தான் சாத்துகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அது அந்த ஊரு. அப்பா இந்த ஊருல இருக்காரு" என்றான். "சீலயத் திருப்பி அனுப்பிச்சுட்டேன். கடையில குடுத்து வேற சீல மாத்திக்கிட்டு வா. மாத்துனாத்தான் வா."

என்னிடம் வேறு பணம் இல்லை. நிலுவை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. ஆக, அந்தச் சேலையை மாற்றினால்தான் அம்மாவுக்கு முகூர்த்தச் சேலை. மாற்றினால்தான் அப்பா பக்கத்தில் போய் நிற்க எனக்கு முகம்.

லாரி பார்சலில் அனுப்பியிருந்தான். அதுவும் டு-பே, அதாவது வாங்குகிறவர்தான் கூலி கட்ட வேண்டும். ஹவுராவில் லாரி ஆபீஸ் கிட்டங்கிக்குப் போனேன், எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே என் பெட்டியைத் தேடி எடுத்தார்கள். கூலி வாங்கிக்கொண்ட எழுத்தர் பெட்டியின் மேலிருந்த விலாசத்தையும் என்னையும் பார்த்தார்.

"திரும்பி வந்த சரக்கா, தீதி? மால் கெட்டுப் போச்சா?"

"இல்லை, நல்ல சரக்கு."

"நல்ல சரக்கை யார் திருப்புவார்கள்? பார்ட்டி சரியில்லை. அடுத்த தடவை முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்" என்று எனக்கு வியாபாரம் சொல்லித் தந்தார். சரி என்று தலையாட்டினேன். அந்தப் பார்ட்டி என் அம்மா என்று எந்த மொழியில் சொல்வது? தம்பி கூலியைக்கூட என் தலையில் கட்டிவிட்டானே என்று ஆற்றைக் கடக்கும் படகில் எனக்குக் கண் எரிந்தது.

அன்று மாலையே கடைக்குப் போனேன். காவலாளி சலாம் போட்டார். ரசீது இருக்கிறது, விலைச்சீட்டு அறுக்கப்படவில்லை, அதே விலையில் வேறு நிறத்தில் வேறு சேலை போதும் என்றேன். அதே விற்பனையாளர் சிரித்த முகத்துடன் பெட்டியைத் திறந்து மடிப்பு மடிப்பாக விரித்தார். கடைசி மடிப்பில் அவர் விரல் நின்றது. முந்தானை மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். நன்றாகக் குழைத்து, சேலை நோகாமல் வைத்த பொட்டு.

அவர் மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் மூலையை முகர்ந்து பார்த்தார். "ஹொலுத்" என்றார். மஞ்சள் என்கிறார். அவர்கள் கல்யாணங்களில் பெண்ணுக்கு மஞ்சள் பூசும் சடங்கு உண்டு. அதில் கட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "விசேஷம் நன்றாக நடந்ததா, மேடம்?" என்றார். மரியாதை குறையாத குரல்தான். நாற்காலியில் இருந்த ஓர் அம்மாள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும் கட்டவில்லை. எங்கள் ஊரில் புதுத்துணிக்கு மூலையில் மஞ்சள் வைப்போம்."

"எப்போது வைப்பீர்கள்?"

 எப்போது வைப்போம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் நாலு சேலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பிடிக்காததை மறுநாள் திருப்பிக் கொடுக்கலாம். முதலாளி வேறெதையும் பார்க்கமாட்டார், மூலையை மட்டும் பார்ப்பார். மஞ்சள் பட்டிருந்தால், "பெறகென்ன, ஒங்க சீலதான்" என்று கையை எடுத்துவிடுவார். கட்டுவது என்று முடிவு செய்த பிறகுதான் யாரும் மஞ்சள் வைப்பார்கள். அம்மா முடிவு செய்திருக்கிறார். பெட்டியைப் பிரித்து, அந்த வெள்ளையைப் பார்த்து, யாரும் வாய் திறப்பதற்குள், மகள் அனுப்பியது என்பதற்காகவே போய் மஞ்சள் குழைத்திருக்கிறார். தம்பி அதைக் கவனிக்காமல் பெட்டியில் போட்டிருக்கிறான்.

"கறை பட்டதை எடுப்பதில்லை" என்றார் மேலாளர். அது கறை இல்லை என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. தமிழில் சொன்னேன் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் எதிர்க் கடைக்குப் பேசி, அம்மாவிடம் நேராகக் கேட்டேன். "ஆமா, வச்சேன்" என்றார். "கட்டிக்கிரலாம்னுதான் இருந்தேன். ஊரு என்னமும் பேசிட்டுப் போகுது, எனக்கென்ன. திரும்பிப் பாத்தா ஒங்கப்பா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நிக்காரு. அந்த மனுசன பயங்காட்டிட்டு நான் எதைக் கட்ட?" பிறகு குரலைத் தணித்து, "கூலிய அவனத்தான் கட்டச் சொன்னேன். நாம காசு கட்டி அனுப்புனா நாமளே வேண்டாம்னு தள்ளிவிட்ட மாதிரி ஆயிரும்னு ஒங்க அத்த சொல்லிருச்சு" என்றார்.

ஊருக்குப் புறப்பட நாள் நெருங்கிவிட்டது. கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் ஒரு சாயக்காரர் அண்டா வைத்துப் பழைய சேலைகளை முக்கித் தருவார். அரக்கு நிறம் என்று சொல்லிக் கொடுத்தேன். சேலையைப் பார்த்துவிட்டு, இதையா என்று இரண்டு முறை கேட்டார். ஈரம் முழுக்கக் காயாமல் பொட்டலமாகக் கைக்கு வந்ததை மாசிமா பார்த்துவிட்டார். பிரித்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கொரோத்தைச் சாயத்தில் முக்கினாயா? உன் அம்மாவுக்கு அதில் என்ன குறை தெரிந்தது?"

உள்ளறையில் அவர் கணவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார், அவரும் மருந்தில் ஓடுகிறவர்தான். அந்த வெள்ளைக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அந்த அம்மாளின் வகிட்டுக் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. "அம்மா கறுப்பு. வெள்ளை எடுக்காது" என்றேன். "பெற்ற தாயைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது" என்று எழுந்து போய்விட்டார். நான் ரயிலுக்குப் போகும்போது வழக்கமாக லுச்சிப் பூரி பொட்டலம் கட்டித் தருவார். அந்த முறை தரவில்லை.

சென்னை ரயிலில் மேல் பலகையில் சேலையை விரித்துக் காயவைத்தேன். கீழே இருந்தவர், "யம்மா, என் சட்டையில சொட்டுது" என்று சண்டைக்கு வந்தார். ஊரில் அதை அத்தை கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ம், இதுதான் சீல. கடைக்காரன் நல்லாத்தான் மாத்திக் குடுத்திருக்கான்" என்றார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா முந்தானை மூலையைத் தேடித் தடவிப் பார்த்தார். பொட்டு அரக்குக்குள் முழுகிப் போயிருந்தது. அவர் மறுபடி மஞ்சள் குழைக்கவில்லை.

மண்டபத்தில் அப்பா வேட்டி சட்டையில் மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து பக்கத்தில் அமர்ந்ததும் அவர் தோள் இறங்கியது. மூச்சு சீரானது. மேளம் உச்சத்துக்குப் போனபோது தாலி கட்டினார். மாலை மாற்ற இருவரும் எழுந்தார்கள். எழுந்த வேகத்தில் அம்மாவின் கொசுவம் நெகிழ்ந்தது. அவசரச் சாயம், உள்மடிப்பில் ஏறவில்லை. இடுப்பிலிருந்து கால்வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. அம்மா கையில் மாலையுடன் நின்றார், அதைச் சொருகக் கை இல்லை. அப்பாவோ குனிந்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அடுத்து நிமிரத்தான் போகிறார்.

நான் மேடையேறி இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அம்மாவின் கொசுவத்தைப் பற்றி உள்ளே மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, தள்ளு. படம் எடுக்காங்க, மறைக்குது" என்றான் தம்பி.

"ஏட்டி, ஒனக்கு என்ன நடுவுல சோலி?" என்றார் அத்தை.

 அம்மா என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அப்பாவுக்கு மாலை போட்டார். அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு அறுபதாம் கல்யாணப் படத்தில் மாலை தெரிகிறது, அப்பாவின் நெற்றி தெரிகிறது, அம்மாவின் இரண்டு கைகள் தெரிகின்றன. நடுவில், முகம் எந்தப் பக்கம் என்று தெரியாமல், என் முதுகு நிற்கிறது.