கிளட்ச் இல்லாத ஜீப்

மரக்காணம் உப்பளத்தில் எங்கள் பெரியப்பாவின் வாய்க்கு அகப்படாத ஆளே கிடையாது. ஜீப் ஓட்டுவது அவருக்குத் தொழில், திட்டுவது பழக்கம். காலையில் குடிதண்ணீர்க் கேன்களையும் உப்பு வாருகிற பெண்களையும் ஏற்றிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே மண்பாதையில் போவார். சாயங்காலம் அவர்களைத் திரும்ப ஊரில் கொண்டுவந்து இறக்குவார். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் அது. பாதை சேறாகக் குழைந்து கிடந்தாலும் போய்விடும். ஒரே குறை, உப்புக் காற்றில் பேட்டரி ஒரு மாதம்கூடத் தாங்காது. அதனால் வீடு திரும்ப வேண்டுமானால் அந்தப் பெண்கள் பத்துப் பேரும் இறங்கித் தள்ள வேண்டும்.

தள்ளுவதில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. பின்பக்கம் நடுவில் அஞ்சலை அக்கா. அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. பெரியப்பா இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, "துன்ன சோறு எங்கடி போச்சு?" என்று கத்துவார். "உன் வண்டியத் தள்ளியே செரிச்சுப்போச்சுய்யா!" என்று அஞ்சலை அக்கா திருப்பிக் கொடுப்பார். ஓட்டம் பிடித்ததும் பெரியப்பா கிளட்சை விடுவார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். இது தினப்படி நடப்பதுதான்.

சுனாமிக்கு ஒரு மாதம் முந்தி, துருப்பிடித்த தகடு ஒன்று பெரியப்பாவின் இடது காலில் குத்திவிட்டது. சின்னக் காயம். அதோடேயே உப்புத் தண்ணீரில் நடந்தார். உடம்பில் சர்க்கரை இருப்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கடைசியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் வேறு ஆள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், பேச மாட்டார். உப்பளத்துப் பெண்கள் அந்த வழியாக நடந்து போகும்போது, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று மெல்லக் கேட்பார்கள். தலையை மட்டும் ஆட்டுவார். வீட்டிலும் எல்லோரும் சத்தமில்லாமல் பேசப் பழகிக்கொண்டோம். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாடா, திட்டு நின்றது என்றுதான் நான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஜீப்பை விற்றுவிட்டு ஒரு பெட்டிக்கடை வைக்கலாம் என்று பெரியம்மா சொல்லிப் பார்த்தார். ஒருநாள் பெரியப்பா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கட்டைக் காலோடு பஸ் ஏறி, கீழ்புத்துப்பட்டு மெக்கானிக்கிடம் போய் நின்றார். "கிளட்ச் இல்லாம ஓட்டற மாதிரி என் ஜீப்ப மாத்திக் குடு" என்றார். அத்தனை நாளில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மெக்கானிக் முதலில் சிரித்தார். பிறகு பெரியப்பாவின் காலைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஜீப்பை இழுத்துவர ஆள் அனுப்பினார். விபத்தில் நொறுங்கிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றிலிருந்து கியர்பாக்ஸ் கிடைத்தது. "இது கார் பொட்டிண்ணே, ஜீப் இன்ஜினோட நேரா ஒட்டாது" என்று சொல்லி, இரண்டுக்கும் நடுவே பொருத்த ஒரு கனமான இரும்புத் தகட்டை லேத்தில் கடையச் சொன்னார். இரண்டு தடவை துளை தப்பிப்போனது. சக்கரங்களுக்குப் போகிற ராடுகளை வெட்டி அளவு குறைத்து ஒட்டவைத்தார்கள். நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற குட்டை லீவரை மட்டும் தொடக்கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது இல்லாவிட்டால் சேற்றில் எங்கே போவது? மூன்று மாதம் இழுத்தது அந்த வேலை.

வண்டியை எடுக்கிற அன்று பள்ளிக்கூடம் லீவு. மெக்கானிக் ஜன்னல் பக்கம் வந்து நின்று, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்கண்ணே. இனிமே தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. சக்கரம் எவ்ளோ சுத்துனாலும் இன்ஜின் சுத்தாது. மொதல்ல பேட்டரிய மாத்திடுங்க" என்றார். "பாத்துக்கலாம்" என்றார் பெரியப்பா. இந்தப் பாத்துக்கலாம் எங்கள் குடும்பத்தில் பரம்பரை வியாதி.

பெரிய ரோட்டில் ஏறினோம். வேகம் குறைக்கிறபோதெல்லாம் அவருடைய இடது தொடை மேலே எழும்பி, இல்லாத கிளட்சை மிதிக்கப் பார்த்தது. எழும்பியதும் அவரே அதைக் கையால் அமுக்கி உட்கார வைத்தார். அதைப் பார்க்கக்கூடாது என்று நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போவார் என்று பார்த்தால், வண்டி நேராக உப்பளத்துக்குள் திரும்பியது.

கூடைகளைப் போட்டுவிட்டுப் பத்துப் பேரும் ஓடிவந்தார்கள். பெரியப்பா பெருமையாக இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச் பெடல் இருந்த இடத்தைக் காட்டினார். அஞ்சலை அக்கா குனிந்து பார்த்து, தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகலாம் என்று பெரியப்பா சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

யாரும் சொல்லாமலே பெண்கள் வண்டியைச் சுற்றி அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். உண்மை பேசுவதில் எனக்கு அந்த வயதில் ஒரு திமிர் உண்டு. "பெரியப்பா, தள்ளுனா ஸ்டார்ட் ஆவாதுன்னு மெக்கானிக்..." என்று ஆரம்பித்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. "வாய மூடு" என்றார். கியரை நியூட்ரலில் தள்ளினார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"ஏய், எட்டு மாசமா நல்லா துன்னீங்கல்ல? தள்ளுங்கடி!"

பின்னாலிருந்து ஹோவென்று சிரிப்பு. "ஒரு காலு போயும் வாயி போவல பாரு!" என்றார் அஞ்சலை அக்கா. வண்டி நகர்ந்தது. பாத்திகளைத் தாண்டி, உப்புக் குவியல்களைத் தாண்டி, ரோடு முனை வரைக்கும் தள்ளினார்கள். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. வழியெல்லாம் இவர் ஒன்று சொல்ல அவர்கள் ஒன்பது சொன்னார்கள். வண்டி கிளம்பவில்லை. எப்படிக் கிளம்பும்? ரோட்டில் வந்த டிராக்டர்காரர் ஒருவர்தான் தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்து உதவினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பாவம், வெயிலில் உப்புச் சுமந்த பெண்களை இப்படியா ஏமாற்றுவது? வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் ஒன்றுவிடாமல் போட்டுக்கொடுத்தேன். அவர் புருஷனைக் கேட்கவே இல்லை. "திட்டுனாரா? நெஜமாவா? என்னா சொல்லித் திட்டுனாரு?" என்று என்னைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த வீட்டில் நியாயமே கிடையாது என்று முடிவு செய்துகொண்டு, நான் அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த ஜீப்பை ஓட்டினார். அவர் போய்ச்சேர்ந்து பல வருஷம் கழித்து, அனுமந்தையில் ஒரு கல்யாணத்தில் அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். பெரியப்பா சார்பில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி, "அன்னிக்கு அவரு உங்கள ஏமாத்திட்டாருக்கா, தள்ளுனா கெளம்பாதுன்னு அவருக்குத் தெரியும்" என்றேன்.

அக்கா என் கன்னத்தைத் தட்டினார். "எங்களுக்குத் தெரியாதா பாப்பா? கிளட்ச வுட்டா வண்டி கையில எட்டி ஒதைக்கும். அன்னிக்கு சும்மா உருண்டுகினு போச்சு. நாலடி தள்ளுனதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குக்கா ரோடு வரைக்கும் தள்ளுனீங்க?"

"எட்டு மாசம் கழிச்சு அந்த மனுசன் அன்னிக்குத்தான் திட்ட ஆரம்பிச்சாரு. நாங்க நின்னா அவரும் நிறுத்திடுவாரேன்னு தள்ளுனோம்."