மஞ்சள் வீட்டு ஜன்னல்

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல்முறையாகப் பாண்டியில் ஒரு ராத்திரி தங்கப் போகிறோம். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரம்தான் என்பதால் எப்போதும் கடலைப் பார்த்துவிட்டு பஸ் பிடித்துவிடுவோம்.

இன்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் ரூம் முடிவாகவில்லை. இவருக்குக் கடலோர ஹோட்டல் வேண்டும். எனக்கு உயரமான ஜன்னல் வைத்த, மஞ்சள் சுவர்ப் பழைய பிரெஞ்சு வீடு.

மல்லாட்டைக் கடலை மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் போனை எட்டிப் பார்த்தார்.

"மஞ்ச வூடே எடும்மா. ஜன்னலு நல்லாகீது."

கண்டக்டரும் அதையே சொன்னார். உடனே புக் செய்துவிட்டேன்.

"பாண்டில சொந்தம் யாரும் இல்லியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

இவர் பெருமையாக, "எங்க அக்கா அங்கதான் டெய்லர் கடை வெச்சிருக்காங்க. மேரின்னு பேரு," என்றார்.

"நம்ம மேரியா? என் ஜாக்கெட்டெல்லாம் அதுதான் தைக்குது."

சொல்லிக்கொண்டே போன் போட்டுவிட்டார். "மேரி, உன் தம்பி வந்துகினு இருக்காரு. லாட்ஜில தங்கப் போறாராம்."

பஸ் ஸ்டாண்டில் நாத்தனார் நின்றிருந்தார்.

"அக்கா உயிரோட இருக்கும்போது லாட்ஜாடா?"

இவர் என் போனை வாங்கி ரூம் போட்டோவைக் காட்டினார். நாத்தனார் அதைப் பெரிதாக்கி, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவது வருசமா இந்த ஊர்ல கீறேன். அந்தப் பிரெஞ்சுத் தெருவுல ஒரு வூட்டுக்குள்ளகூட போனதில்ல. இரு, நானும் வர்றேன்."

இப்போது கட்டிலில் நானும் நாத்தனாரும். ஜன்னலில் அவருடைய இரண்டு பிள்ளைகள். இவர் கீழே பாய் கேட்கப் போயிருக்கிறார்.

பாண்டியில் சொந்தம் இருந்தும் ஜோடியாக மட்டும் தங்கியவர்கள் யாராவது உண்டா? சொல்லுங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன்.